மிகிந்தலை மலை விகாரை: ஜூன் விடுமுறையில் பெற்றோருடன் செல்லலாமா?

செங்காங்வாசி

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் பிள்ளைகளின் ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில் என் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு குடும்பத்தோடு இலங்கை செல்ல இருக்கிறோம். கொழும்பில் இறங்கி அனுராதபுரம் சென்று, அங்கிருந்து சிகிரியாவுக்குப் போவதாகப் பயண முகவர் ஒரு திட்டம் அனுப்பியிருக்கிறார். அதில், மகிந்த தேரர் என்ற பௌத்தத் துறவி தேவநம்பிய தீசன் என்ற அரசனைச் சந்தித்து இலங்கையில் பௌத்தத்தைத் தொடங்கிவைத்ததாகச் சொல்லப்படும் மிகிந்தலை மலைக்கு ஒன்றரை மணி நேரம் மட்டுமே ஒதுக்கப்பட்டுள்ளது. படிகள் 1,840 என்று படித்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. அப்பாவோ, "அவ்வளவு தூரம் போய்விட்டு அந்த மலையைப் பார்க்காமல் வருவதா" என்கிறார். அந்த நேரம் போதுமா, அம்மாவை எவ்வளவு தூரம் அழைத்துச் செல்ல முடியும், உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்பதைச் சென்று வந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மலைநடை

வணக்கம். முகவரிடம் பேசி, குறைந்தது அரை நாளாவது கேட்டு வாங்குங்கள். ஒன்றரை மணி நேரத்தில் உச்சிக்கு ஓடி, வெள்ளைத் தூபியின் முன் நின்று படமெடுத்துக்கொண்டு இறங்கிவிடலாம். அதற்கு மேல் எதுவும் மனத்தில் நிற்காது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய மடம் எப்படி உண்டது, எங்கே நீர் எடுத்தது, நோயாளியை எங்கே படுக்க வைத்தது, எப்படிக் கணக்கு எழுதியது என்பதையெல்லாம் ஒரே சரிவில் நடந்து பார்க்க முடிவதுதான் மிகிந்தலையின் அருமை. அவற்றில் பெரும்பாலானவை உச்சியில் இல்லை. பாதி வழியிலும் அடிவாரத்திலுமே இருக்கின்றன.

முதலில் அம்மாவைப் பற்றி. படிகள் அனைத்தையும் அவர் ஏற வேண்டியதில்லை. பழைய பாதை என்று ஒரு வண்டிச் சாலை, மலையின் மறுபக்கமாக உணவுக்கூடம் இருக்கும் தளம் வரை செல்கிறது. அங்கே இறங்கினால் பாதிக்கும் மேற்பட்ட படிகளை ஏறாமல் தவிர்த்துவிடலாம். உணவுக்கூடம், கல்வெட்டுப் பலகைகள், சற்றுக் கீழே உள்ள சிங்கத் தடாகம் ஆகியவற்றை அவர் நிதானமாகப் பார்க்கலாம். அதற்கு மேல், மகிந்தரும் அரசனும் சந்தித்த இடமாகச் சொல்லப்படும் அம்பஸ்தல தூபிக்குச் செல்லும் படிகள் குறுகியவை, செங்குத்தானவை. அங்கே அவரை வற்புறுத்தாதீர்கள். இருபுறமும் ஈழத்தலரி மரங்கள் நிற்பதால் உட்கார நிழலுக்குக் குறைவில்லை.

பிள்ளைகளும் நீங்களும் அடிவாரத்திலிருந்தே நடந்து ஏறுங்கள். தொடக்கப் படிகள் அகலமானவை, உயரம் குறைந்தவை. பெரிய கருங்கற் பலகைகளைப் பதித்து அமைத்திருக்கிறார்கள். முதல் தளத்தில் வலப்புறம் பிரியும் சிறு படிவரிசையைப் பெரும்பாலான பயணிகள் கவனிப்பதில்லை. அது கண்டக சேதியத்துக்குச் செல்கிறது. இலங்கையின் மிகப் பழைய தூபிகளில் ஒன்றான அது இன்று ஏறத்தாழ 12 மீட்டர் உயரம் மட்டுமே எஞ்சி நிற்கிறது. ஆனால் நான்கு திசைகளிலும் உள்ள அதன் முகப்புகளின் சிற்பங்களுக்காகவே அரை மணி நேரம் ஒதுக்கலாம். அன்னங்கள், யானைகள், குள்ளக் கணங்கள் என வரிசை வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். அந்தக் கணங்களுள் ஒன்றுக்கு யானை முகம். நம் பிள்ளைகள் உடனே "பிள்ளையார்" என்பார்கள். அதை அவசரமாக மறுக்கவும் வேண்டாம், ஆமோதிக்கவும் வேண்டாம். அதே வரிசையில் இருக்கும் மற்றக் கணங்களையும் பார்க்கச் சொல்லுங்கள், அவர்களாகவே யோசிக்கத் தொடங்குவார்கள். தூபியைச் சுற்றியுள்ள பாறைகளின் அடியில் பிக்குகள் தங்கிய குகைகள் இருக்கின்றன. மழைநீர் உள்ளே வழியாமலிருக்கக் குகை விளிம்பில் வெட்டிய நீர்வடிகோட்டையும், அதன் கீழே பொறித்த பிராமி எழுத்துகளையும் கிட்டே நின்று பார்க்கலாம்.

கல்வெட்டு வாசகர்

மலைநடை சொன்ன உணவுக்கூடத்தைப் பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன், ஏனெனில் என் கணிப்பில் அந்த மலையில் மிக முக்கியமான இடம் அதுதான்.

நடுவே திறந்த முற்றம், சுற்றிலும் தூண்களின் அடிப்பகுதிகள், ஓரத்தில் நீளமான இரண்டு கல் தொட்டிகள். ஒன்று சோற்றுக்கும் மற்றொன்று கஞ்சிக்கும் ஆனவை என்பார்கள். அவற்றின் நீளத்தைப் பார்த்தாலே எத்தனை பேருக்கு உணவு இடப்பட்டிருக்கும் என்பது புரியும். 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையில் ஈராண்டுகள் தங்கிய சீனப் பிக்கு பாகியான், இந்த மலையில் 2,000 பிக்குகள் இருந்திருக்கலாம் என்று குறித்திருக்கிறார். அவர்களுள் ஒருவர் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக கல்லால் ஆன ஓர் அறைக்குள் வாழ்ந்தார் என்றும், அவருடைய கருணையின் பலத்தால் பாம்பும் எலியும் ஒன்றையொன்று துன்புறுத்தாமல் அதே அறையில் இருந்தன என்றும் எழுதுகிறார். ஊருக்குத் திரும்பும் வழியில் புயலில் சிக்கி, நம் தென்கிழக்காசியக் கடல்களின் வழியாகத்தான் அவர் சீனம் சென்று சேர்ந்தார்.

உணவுக்கூடத்தை அடுத்து, தாதுமனை (புத்தரின் புனிதச் சின்னங்களை வைத்த கட்டடம்) இருந்த இடத்தில் ஆளுயரத்தையும் மிஞ்சிய இரண்டு கற்பலகைகள் நிற்கின்றன. நான்காம் மகிந்தன் என்ற அரசனின் காலத்தில் (956–972) நாட்டப்பட்டவை, அக்காலச் சிங்கள எழுத்தில் அமைந்தவை. பலர் அவற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடந்துவிடுவதைக் கண்டிருக்கிறேன். அதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. அவை புகழ்ச்சி பாடும் கற்கள் அல்ல. ஒரு மடம் எப்படி நடக்க வேண்டும் என்று வகுத்த சட்டங்கள். பிக்குகள் விடியலில் எழ வேண்டும், பல் துலக்க வேண்டும், ஆடையை முறைப்படி உடுத்தித் தியானம் செய்ய வேண்டும், பின்னர் உணவுக்கூடத்துக்கு வந்து குறித்த பகுதிகளை ஓதிய பிறகே கஞ்சியும் சோறும் பெற வேண்டும். நோயினால் வர இயலாதவருக்கு, மருத்துவர் பார்த்த பிறகு, உரிய பங்கைக் கொடுத்தனுப்ப வேண்டும். பணியாளர்களுள் யார் விறகு கொண்டுவருவது, யார் சமைப்பது, ஒவ்வொருவருக்கும் எவ்வளவு என்பதும் அதில் உண்டு. விளக்கெண்ணெய்க்கும் திரிக்கும் பூவுக்குமாக ஒதுக்கிய நிலமும் குறிக்கப்பட்டுள்ளது. தாதுமனைக்குரிய பொருள் எதையும் இரவல் கொடுக்கவும் கூடாது, விற்கவும் கூடாது.

என்னை மிகவும் ஈர்த்தது கணக்கு முறை. அன்றாடச் செலவை அன்றன்றே ஏட்டில் பதிந்து, பூட்டிய பேழைக்குள் வைக்க வேண்டும். மாதந்தோறும் அதைத் தெளிவாகப் படியெடுக்க வேண்டும். ஆண்டு முடிவில் முழுக் கணக்கையும் பிக்குகள் கூடிய சபையின் நடுவே வாசித்துக் காட்ட வேண்டும். அதே நூற்றாண்டில்தான், 921ஆம் ஆண்டையொட்டி, முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, கணக்குக் காட்டாதவரையும் அவருடைய நெருங்கிய உறவினரையும் குடவோலைத் தேர்தலிலிருந்து விலக்கி வைத்தது. பாக்கு நீரிணையின் இருகரையிலும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு இடைவெளிக்குள், பொதுச்சொத்தைக் கையாள்பவர் கணக்குக் காட்டியே ஆக வேண்டும் என்று கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு வரலாறு சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

தாதியம்மா

நான் மருத்துவமனையில் தாதியாகப் பணியாற்றுகிறேன். அதனால் அடிவாரத்திலுள்ள பழைய மருத்துவமனையின் இடிபாடுகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. படிகளுக்குச் செல்லும் முன்பே சாலையோரத்தில் அது இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கருதுகிறார்கள். முற்றத்தின் நடுவே சிறு வழிபாட்டறை, நான்கு பக்கமும் நோயாளிகளுக்கான சிறு அறைகள். ஒவ்வொரு நோயாளியும் தம் அறை வாயிலிலிருந்தே வழிபாட்டறையைப் பார்க்கும்படி கட்டடம் அமைந்திருக்கிறது. அந்த அமைப்பை நான் நெடுநேரம் நின்று பார்த்தேன்.

அங்கே ஒரே கல்லில் குடைந்த மருந்துத் தொட்டி ஒன்று இருக்கிறது. உட்புறம் தலைக்கு ஓர் இடம், தோளுக்கு அகலம், கால்களுக்கு நீளம் என்று மனித உடலின் வடிவிலேயே செதுக்கியிருக்கிறார்கள். நோயாளியை அதில் படுக்கவைத்து, மூலிகை எண்ணெயில் உடல் முழுவதும் ஊறும்படி செய்திருக்கிறார்கள். உடலை ஒட்டியே குடைந்திருப்பதால் குறைந்த எண்ணெயே போதுமானதாக இருந்திருக்கும். நோயாளியைத் தூக்கி இறக்கிப் பழகியவர்களுக்கு, அந்த விளிம்பின் உயரத்தையும் தோள்பட்டைக்கு விட்ட இடத்தையும் பார்த்தால், அதைச் செதுக்கியவர் நோயாளியின் பக்கத்தில் நின்று அறிந்தவர் என்பது தெரியும்.

செங்காங்வாசி, உங்கள் அம்மாவுக்கு இந்த இடம் முழுவதும் சமதரை என்பதால் முதலில் இங்கே வாருங்கள். அருகிலேயே அருங்காட்சியகம் இருக்கிறது. காலை எட்டு மணிக்குள் தொடங்குங்கள். மேலே அம்பஸ்தல முற்றத்தில் காலணியைக் கழற்ற வேண்டும், பத்து மணிக்கு மேல் கல் சுட ஆரம்பித்துவிடும். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தடித்த காலுறை எடுத்துச் செல்லுங்கள். தோளும் முழங்காலும் மறையும் வெளிர்நிற உடை நல்லது. புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படமெடுப்பதை அங்கே அவமதிப்பாகக் கருதுவார்கள். பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நாகைமகன்

நல்ல தகவல்கள், நன்றி. ஆயினும் ஒரு கருத்தை முன்வைக்கிறேன். தமிழர் குடும்பம் ஒன்று பௌத்தப் பழமையைப் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பினால் முதலில் தமிழ்நாட்டுக்கல்லவா செல்ல வேண்டும்? நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசன் சூடாமணி விகாரையைக் கட்டியபோது முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரையே அதற்குக் கொடுத்தான். ஸ்ரீவிஜயம் நம் வட்டாரத்துப் பேரரசு, ஆகவே சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு அந்தக் கதை இன்னும் நெருக்கமானது. அதை விட்டுவிட்டு மிகிந்தலைக்குச் செல்வது நம் பங்கை நாமே மறப்பதாகாதா?

கல்வெட்டு வாசகர்

நாகைமகன் ஐயா, உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனால் நாகையில் இன்று போய் நின்றால் காண விகாரை இல்லை. எஞ்சியிருந்த செங்கற்கோபுரமும் 19ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டுவிட்டது. நமக்குக் கிடைத்திருப்பவை செப்பேடும் வெண்கலச் சிலைகளும்தான். முழு மடத்தின் அமைப்பைக் காலால் நடந்து உணர வேண்டுமானால் மிகிந்தலை போன்ற இடத்துக்குத்தான் செல்ல வேண்டும். நாகையின் விகாரை எப்படி இயங்கியிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதற்கும் அது உதவும்.

மேலும், நம் பங்கு அங்கேயும் இருக்கிறது. அனுராதபுரத்தில் அபயகிரி விகாரைக்கு அருகே, தமிழ் இல்லறத்தார் தங்களுக்கென அமைத்துக்கொண்ட மேடையைப் பற்றிய பிராமிக் கல்வெட்டு ஒன்று பாறையில் உள்ளது. அதில் ஒரு கப்பற்காரரின் இருக்கையும் குறிக்கப்பட்டுள்ளது. பாலி மொழியில் பேருரைகள் எழுதிய புத்தகோசர் அனுராதபுரத்து மகாவிகாரையில் பணியாற்றினார், காஞ்சியிலும் தங்கியிருந்தார். அவர் காலத்தவரான புத்ததத்தர் உறையூர்க்காரர்.

செங்காங்வாசிக்கு ஒரு யோசனை. மிகிந்தலை வழியாகச் செல்லும் நெடுஞ்சாலை நேரே திருகோணமலைக்குப் போகிறது. அந்நகரை நெருங்கும்போது வெல்கம் விகாரை வருகிறது. சோழர் ஆட்சியில் அதற்கு இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர். 11ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் அங்கேயே இருக்கின்றன, அந்தப் பள்ளிக்குக் கொடுத்த கொடைகளைச் சொல்கின்றன. சிகிரியாவை ஒரு நாள் தள்ளிவைத்து, மிகிந்தலை, வெல்கம் விகாரை, திருக்கோணேசுவரம் என்று சென்றால் அப்பாவும் நாகைமகன் ஐயாவும் ஒருசேர மகிழ்வார்கள்.

யாழ்வழிப்பேரன்

இந்த உரையாடலை மௌனமாகப் படித்துவந்தேன், இப்போது ஒன்று சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. என் முன்னோர் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு வேலைக்கு வந்தவர்கள். போர் நடந்த ஆண்டுகளில் உறவினர்கள் பட்ட துன்பத்தை வீட்டில் கேட்டு வளர்ந்தவன் நான். அனுராதபுரத்தின் புனிதத் தலங்கள் எங்களைப் போன்றோருக்கு எளிய சுற்றுலா இடங்கள் அல்ல. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சிலர் அந்தத் திசைக்கே செல்ல மறுப்பார்கள். அவர்களிடம் வாதிட எனக்கு மனமில்லை, உரிமையும் இல்லை என்றே நினைக்கிறேன்.

ஆனாலும் நான் சென்றேன். மலையில் ஒரு வயதான சிங்களத் தாயார், என் பெரியம்மா படியேறத் தடுமாறுவதைக் கண்டு, மொழி புரியாவிட்டாலும் கையைப் பிடித்துத் தளம் வரை கொண்டுவந்து விட்டார். அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அங்கே நம்மைப் பற்றியும் ஒரு கதை இருக்கிறது, அதைப் பிறர் சொல்லிக் கேட்பதைவிட நாமே சென்று கல்லில் படிப்பது நல்லது என்பதுதான் என் நிலை. கல்வெட்டு வாசகர் சொன்ன வெல்கம் விகாரைக்குக் கட்டாயம் செல்லுங்கள். வழிகாட்டிகள் பலர் அதைத் திட்டத்தில் சேர்ப்பதில்லை.

மலைநடை

யாழ்வழிப்பேரன், இதை எழுதியதற்கு நன்றி. வடக்கு, கிழக்கு உறவுகள் உள்ள குடும்பங்கள் பல இங்கே இருப்பதால் இதுவும் பேசப்பட வேண்டியதுதான்.

செங்காங்வாசி, பயணத் தேதியை உறுதிசெய்யும் முன் பொசன் பௌர்ணமி எப்போது என்று பாருங்கள். மகிந்தர் அந்த மலைக்கு வந்ததாகச் சொல்லப்படும் நாள் அது. பெரும்பாலும் ஜூன் மாதத்தில்தான் வரும், அதாவது நம் பள்ளி விடுமுறைக்குள்ளேயே. அன்றும் அதையொட்டிய நாட்களிலும் வெள்ளை உடுத்திய பக்தர்கள் நாடெங்குமிருந்து திரண்டு வருவார்கள். அனுராதபுரத்தில் தங்குமிடம் கிடைப்பதும் வண்டி நகர்வதும் அரிது. பெற்றோருடன் செல்வதால் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

வெள்ளைத்தாமரை

இதில் மட்டும் மலைநடையோடு நான் உடன்படவில்லை. நான் பௌத்தன். விசாக நாளில் செயின்ட் மைக்கல்ஸ் சாலையிலுள்ள ஸ்ரீலங்காராமய விகாரைக்குத் தவறாமல் செல்பவன். மிகிந்தலை வெறும் இடிபாடு அன்று, இன்றும் பிக்குகள் வாழும் விகாரை. பொசன் இரவில் படிகள் முழுவதும் பக்தர்கள் ஏறுவதையும், சாலையோரமெங்கும் முன்பின் தெரியாதவர்கள் வழிப்போக்கரை நிறுத்திச் சோறும் பானமும் இலவசமாகக் கொடுப்பதையும் பார்க்காதவர், அந்தக் கல் தொட்டிகளின் பொருளைப் பாதிதான் அறிந்தவர். முதியவர்களைக் கீழே விடுதியில் விட்டுவிட்டு இளையவர்கள் மட்டும் இரவில் ஏறலாமே?

மலைநடை

நீங்கள் சொல்வதன் அழகு புரிகிறது, ஐயா. இளையவர்கள் மட்டும் சென்றால் நானும் அதையே சொல்வேன். ஆனால் அந்தக் கூட்டத்தில் கண்டக சேதியத்தின் சிற்பத்தையோ கல்வெட்டையோ நின்று பார்க்க இயலாது. முதல் பயணம் நிதானமாக அமையட்டும் என்பதே என் விருப்பம்.

நீர்ப் பாதையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மேலே அம்பஸ்தலத்துக்கு ஏறும் படிகளின் நடுவே ஒரு பாதை பிரிந்து நாகத் தடாகத்துக்குச் செல்கிறது. பாறையின் மடிப்பில் மழைநீரைத் தேக்கியிருக்கிறார்கள். பின்புறப் பாறையில் ஐந்து தலை நாகம் படமெடுத்து நிற்கிறது. அதன் உடல் நீருக்குள் இறங்கிவிடுவதால், நீர்மட்டம் உயர உயரச் சிற்பம் குறைந்துகொண்டே வரும். அங்கிருந்துதான் நீர் உணவுக்கூடத்துக்கும் சிங்கத் தடாகத்துக்கும் இறங்கியது. சிங்கத் தடாகத்தில், பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் சிங்கத்தின் வாய்வழியே நீர் கொட்டும்படி அமைத்திருந்தார்கள். மேலிருந்து கீழாக இந்த வரிசையில் பிள்ளைகளை நடக்கவிடுங்கள். ஒவ்வொரு சொட்டு நீருக்கும் மழையை எதிர்பார்த்திருந்த வறண்ட நாட்டில், பம்பு எதுவுமின்றி, சரிவை மட்டும் வைத்தே ஒரு மலையைக் குடியிருப்பாக்கியதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். நீரைச் சேமிப்பது பற்றிப் பள்ளியில் படித்து வளரும் நம் பிள்ளைகளுக்கு அது எளிதில் விளங்கும்.

உச்சியில் ஆராதனா கல் என்ற பாறை இருக்கிறது. பாறையிலேயே வெட்டிய படிகள், இரும்புக் கைப்பிடி, பலத்த காற்று. மழை பெய்திருந்தால் ஏறவிடாதீர்கள். அதைவிட மகிந்தரின் குகைக்குச் செல்வது மேல். இரு பக்கமும் திறந்த பெரும்பாறையின் கீழே வழவழப்பான ஒரு கற்படுக்கை, அவ்வளவுதான்.

செங்காங்வாசி

இவ்வளவு அக்கறையோடு எழுதிய அனைவருக்கும் என் குடும்பத்தின் சார்பில் நன்றி. அப்பாவிடம் முழு உரையாடலையும் வாசித்துக் காட்டினேன். கணக்கை ஆண்டுதோறும் சபையில் வாசிக்கும் விதியை இரண்டு முறை கேட்டார். நெடுங்காலம் கோயில் நிர்வாகக் குழுவில் பொருளாளராக இருந்தவர் அவர்.

பொசன் வாரத்தைத் தவிர்த்துப் பயணச்சீட்டு எடுக்கிறோம். வெள்ளைத்தாமரை ஐயா, பிள்ளைகள் வளர்ந்ததும் பொசனுக்குச் செல்லும் எண்ணத்தை விதைத்துவிட்டீர்கள். அனுராதபுரத்தில் தங்கி, காலையில் மருத்துவமனையும் அருங்காட்சியகமும், பிறகு அம்மாவும் அப்பாவும் வண்டியில் உணவுக்கூடத் தளத்துக்கு, நாங்கள் படி வழியாக. மறுநாள் வெல்கம் விகாரையும் திருகோணமலையும். முகவர் இதற்கு ஒப்புக்கொண்டுவிட்டார், சிகிரியாவை மட்டும் கடைசி நாளுக்கு மாற்றினார்.

ஒரே ஒரு கேள்வி மீதமுள்ளது. அந்தக் கற்பலகைகளின் எழுத்து நமக்குப் புரியாதே, அப்பாவுக்கு எப்படிச் சொல்வது?

கல்வெட்டு வாசகர்

எழுத்து தேய்ந்திருப்பதால் சிங்களம் அறிந்தவர்களுக்கே அது கடினம். பலகைகளின் ஆங்கில மொழிபெயர்ப்பு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வெளிவந்துவிட்டது. அதிலிருந்து உணவு, மருத்துவர், கணக்கு ஆகிய மூன்று பகுதிகளை நான் தமிழில் எழுதி இந்த வாரத்துக்குள் இங்கே பதிகிறேன். அச்செடுத்துக்கொண்டு போய், பலகையின் முன் நின்று அப்பாவையே வாசிக்கச் சொல்லுங்கள்.